மூன்றாம் ஓலைக்கு முந்தின சாயங்காலம்

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இன்னும் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். ஆதார் அட்டையில் போட்டிருக்கும் பெயரே அதுதான். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஓட்டலின் பின்கட்டில் பகல் முழுக்க எச்சில் தட்டு கழுவுகிறவள். ஊர் உலகம் தின்று மிச்சம் வைத்ததை வழித்துப் போட்டுப் போட்டு, அருவருப்பு என்கிற உணர்ச்சியே தனக்கு மரத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு மே மாதத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் நிலைத்தது.

ஐந்தரைக்கு வேலை முடியும். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ நிற்கும். அவள் ஏற மாட்டாள். ஊருக்கு மேற்கே ஓடுகிற பக்கிங்காம் கால்வாயின் கரையைப் பிடித்துத் தெற்கே முக்கால் மணி நேரம் நடந்தால் அவள் தெரு வந்துவிடும். வலது கைப் பக்கம் கால்வாய், அதற்கப்பால் இறங்குகிற சூரியன். கொஞ்ச நேரம் தண்ணீர் செம்பருத்திப் பூவைக் கசக்கி விட்டதுபோல் சிவந்து கிடக்கும். பகலெல்லாம் தட்டுச் சத்தத்தில் கிடந்த காதுக்கு அந்த அமைதிதான் மருந்து.

"இன்னா பாப்பா, காவா ஓரமா லவ்வர வெச்சிகினு கீறியா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ஆமா, அறுவது வயசு லவ்வரு. உனக்கு வோணுமா?" என்று இவளும் திருப்பிக் கொடுப்பாள்.

அந்தக் கால்வாயில்தான் அவள் இருபது வருஷம் பிழைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் இறங்கிக் கையால் இறால் பிடித்தாள். வலை கிடையாது. தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பனை ஓலைப் பையில் போட வேண்டும். அந்தப் பைக்குப் பறி என்று பெயர். பறியைக் கடித்திருக்கும்வரை வாயைத் திறக்க முடியாது. காலில் கிளிஞ்சல் கிழித்தாலும் மூக்கால் 'ம்ம்' என்று முனகத்தான் முடியும். அப்படி வாயை மூடி மூடியே பழகிவிட்டாள். புருஷன் ஏசினாலும் மூடிக்கொண்டாள். ஓட்டல் சூப்பர்வைசர் கத்தினாலும் மூடிக்கொண்டாள்.

தண்ணீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்து, அந்தத் தொழிலை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. பழக்கம் மட்டும் விடவில்லை. கொண்டை முடியவோ சேலையைச் சரிசெய்யவோ இரண்டு கையும் வேண்டுமென்றால், கையிலிருக்கும் பையைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

ஒரே மகள் ஜாக்குலின். இருபத்து நான்கு வயது. ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை ஜான்சன் ஊரப்பாக்கத்துக்காரன். முப்பது வயதுக்குள் சொந்தமாக ஒரு தண்ணீர் லாரி. அடுக்குமாடிகளுக்கும் ஓட்டல்களுக்கும் குடிநீர் சப்ளை. நிச்சயம் முடிந்த மறு வாரமே டேங்கின் பின்பக்கத்தில், நீலத்தின் மேல் மஞ்சள் எழுத்தில், 'ஜாக்குலின்' என்று எழுதிக்கொண்டுவந்து தெரு முனையில் நிறுத்தினான். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பாப்பா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரிக்கே திருஷ்டி கழித்தாள்.

அதற்குப் பிறகு நாலு மாதமாகப் புதனும் சனியும், கிணறு உப்புக் கரிக்கிற அந்த வீட்டு வாசலில் ஒரு நீல பேரல் நிறையத் தண்ணீரை இறக்கிவிட்டுப் போவான். மூடியைத் திறந்தால் குப்பென்று பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும்.

"மருந்து போட்ட தண்ணி! கம்பெனித் தண்ணி மாறி கீது பாரு" என்று பாப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். பெருமை தாங்காமல் நாலு வீட்டுக்கு ஆளுக்கொரு குடம் மொண்டும் கொடுத்தாள். மாப்பிள்ளை மட்டும் அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. எப்போது வந்தாலும் கையில் கடையில் வாங்கிய பாட்டில் இருக்கும். "புள்ளைக்கு அவ்ளோ கூச்சம்" என்று அதையும் பாப்பா மெச்சிக்கொண்டாள்.

போன மாதம் ஜாக்குலினுக்கு வாந்தியும் பேதியுமாகி மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. ஜான்சன் பத்து இளநீரைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்கினான். "தண்ணிய கொறைச்சிக்கோ ஜாக்கி, இத்தயே குடி" என்று அவன் சொன்ன கரிசனத்தைக் கேட்டு, பாப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க என்ன புண்ணியம் செய்தேன் ஆண்டவரே என்று அழுதாள்.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எழுந்ததில்லை. கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்ளும் நேரம்தான் அதற்குக் கெடு. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. நாளைக்கு மூன்றாவது. வியாழக்கிழமை கல்யாணம். நானூறு பேருக்கு விருந்து. சமையலுக்கும் குடிப்பதற்கும் ஒரு லாரித் தண்ணீர் தன்னுடைய அன்பளிப்பு என்று ஜான்சன் சொல்லியிருந்தான்.

இதையெல்லாம் மனதுக்குள் உருட்டிக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை பாப்பா நடந்தாள். சூரியன் எதிர்க்கரைப் பனைகளுக்கு மேல் நின்றது. ஒரு கொக்கு. காற்று. வேறு ஆளில்லை. பாதி வழியில் ஒரு பழைய மதகு உண்டு. அதைச் சுற்றிச் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடக்கும். காற்றில் அவிழ்ந்த கொண்டையை முடிய, அங்கே நின்று பையைப் பல்லில் கடித்தாள்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. எட்டு வருஷம் எச்சில் கழுவியவள்; அழுகிய மீன் தலையையும் புளித்த மயோனைசையும் கையால் அள்ளியவள். அவளே கொண்டையை விட்டுவிட்டு மூக்கைப் பொத்தினாள். பிறகு சத்தம் கேட்டது. பழங்கஞ்சிப் பானையைக் கவிழ்த்ததுபோல் கொழகொழவென்று ஏதோ விழுந்துகொண்டிருந்தது.

முள் கிளையை விலக்கிப் பார்த்தாள்.

ஒரு லாரி கால்வாய்க்கு முதுகைக் காட்டி நின்றது. தொடை தடிமனில் ஒரு குழாய் கரைச் சரிவில் தொங்கியது. அதன் வாயிலிருந்து கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாகக் கொட்டியது. எங்கோ நூறு வீட்டுக் கக்கூஸில் போனதெல்லாம் அங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சிவந்து கிடந்த தண்ணீரில் அது நாக்கை நீட்டியதுபோல் பரவியது. ஒரு குழந்தையின் டயபர் புரண்டு புரண்டு மிதந்து வந்தது. கொக்கு பறந்துவிட்டது.

குழாய்க்கு நேர் மேலே, மாலை வெயில் பட்டுப் பளபளவென்று, மஞ்சள் எழுத்தில் ஜாக்குலின்.

பத்து மாதம் சுமந்தவள் அவள். ஞானஸ்நானத்தின்போது போதகர் அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் வைத்தபோது சிலிர்த்தவள். அந்தப் பெயருக்குக் கீழேதான் இது வழிந்தது. கத்தியிருப்பாள். பல்லில் பை இருந்தது.

ஜான்சன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனில் எதையோ பார்த்துச் சிரித்தபடி டயரோரம் நின்றிருந்தான். ஒழுக்கு நின்றதும் குழாயைச் சுருட்டினான். பிறகு அந்தக் கால்வாயிலேயே, கொஞ்சம் தள்ளிப் போய், பக்கெட்டில் தண்ணீர் மொண்டான். டேங்கின் மேலேறி மூடியைத் திறந்து ஊற்றினான். நாலு பக்கெட். ஒரு கோணிப்பையிலிருந்து வெள்ளையாகப் பவுடரை அள்ளி உள்ளே தூவினான். லாரியில் ஏறி முன்னும் பின்னுமாக ரெண்டு தரம் ஆட்டிவிட்டு, இறங்கி வால்வைத் திறந்து விட்டான். பால் மாதிரி ஒரு தண்ணீர் ஒழுகிப் போனது. அவ்வளவுதான் கழுவல்.

பக்கவாட்டில் கொக்கியில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'கழிவுநீர் ஊர்தி' என்றிருந்தது. அதைக் கழற்றித் திருப்பி மாட்டினான். பின்பக்கத்தில் 'குடிநீர்' என்றிருந்தது. மேல்துண்டால் அந்தப் பலகையை மட்டும் பளிச்சென்று துடைத்தான். அவன் அவ்வளவு அக்கறையாகத் துடைத்ததைப் பார்த்தபோதுதான் பாப்பா பல்லிலிருந்த பையை எடுத்தாள்.

அவனுக்குப் போனைப் போட்டாள். எதிரே இருபதடி தூரத்தில் ஒரு ஜெபப் பாட்டு ஒலித்தது.

"சொல்லுங்க அத்தை."

"எங்க கீற தம்பி?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக் கேட்டாள்.

"மதுராந்தகம் அத்தை. ஒரு காலேஜ்ல லோடு எறக்கிகினு கீறேன். இன்னா விசயம்?"

"ஒன்னும் இல்ல. சாப்ட்டியா?"

"எங்க அத்தை! பசி கொல்லுது." குனிந்து வால்வை இறுக்கிக்கொண்டே பேசினான். "இன்னிக்கு சனிக்கெழமை இல்ல? ஒரு மணி நேரத்துல வூட்டுக்குத் தண்ணி கொண்டாந்துர்றேன். வியாழக்கெழம மண்டபத்துக்கும் கவலையே படாதீங்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் தண்ணி."

"சரி தம்பி" என்று அவள் வாய் சொன்னது.

லாரி கிளம்பி மறைந்தது. பாப்பா கரையில் உட்கார்ந்தாள். காலையில் குடித்த டம்ளர் ஞாபகம் வந்தது. சோறு வடித்தது, கஞ்சி காய்ச்சியது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க ஒரு செம்பு கொடுத்தது. 'இத்தயே குடி ஜாக்கி.' அவனுக்குத் தெரியும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போதே அவனுக்குத் தெரியும். அவள் தொண்டைக்குள் விரலை விட்டாள். ஒன்றும் மிச்சமில்லாமல் வெறும் பித்தம் வரும்வரை எடுத்தாள். நாலு மாதத்தை ஒரே சாயங்காலத்தில் வாந்தி எடுத்துவிட முடியுமா என்ன?

இருட்டின பிறகு அவள் வீட்டுக்கு வந்தபோது பேரல் நிரம்பியிருந்தது. மாப்பிள்ளை வந்து போயாகிவிட்டது. புருஷன் ஏசுதாஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கல் சிற்பக் கூடத்தில் சிலைகளுக்குப் பாலிஷ் போடுகிறவன். தலைமுடியில் எந்நேரமும் வெள்ளைத் தூசி. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"இருட்டுல எதையோ பாத்துட்டு வந்து ஒளறாத. லாரின்னா ஆயிரம் லாரி ஓடுது" என்றான்.

"இருட்டா? சூரியன் நட்டுகினு நின்னுச்சியா. உன் பொண்ணு பேரு போட்ட லாரி இந்த ஜில்லாவுல எத்தினி கீது?"

அவன் தெருவைப் பார்த்தான். குரலைத் தணித்தான். "சரி, இருக்கட்டும். நாளைக்கு மூணாவது ஓலை. பத்திரிகை வெச்சாச்சு. இப்ப போயி பீ, மூத்திரம்னு பேசுவியா? கல்யாணம் முடியட்டும், நான் தனியா கூப்ட்டு சொல்றேன்."

"நானூறு பேரு குடிக்கப் போறாங்கயா!"

"குடிச்சா இன்னா? இருவது வருசம் நீ அந்தக் காவாத் தண்ணியில வாய வெச்சிகினுதான கெடந்த? செத்தா பூட்ட? பெருசா மூக்க சுளிக்கிறா. மூடிகினு உள்ள போ."

எட்டு மணிக்கு ஜாக்குலின் கடையிலிருந்து வந்தாள். பாப்பா அவளிடமும் சொன்னாள். பெண் முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. அங்கேயே ஜான்சனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அய்யோ, அதுவா? டேங்க்கு கழுவினேன் ஜாக்கி. வாரா வாரம் கழுவுவோம். அத்தை அழுக்குத் தண்ணிய பாத்து பயந்துட்டாங்களா?" என்று அவன் தேனாகச் சிரித்தான்.

"மதுராந்தகத்துல கீறேன்னு சொன்னானேடி!" என்றாள் பாப்பா.

"சிக்னல் இல்லாம உனக்கு சரியா கேட்டிருக்காதும்மா." ஜாக்குலின் அம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. "ஓலை நாளைக்கு. இப்ப வந்து இப்டி பண்ணாத. ப்ளீஸ்மா." அழுகை முட்ட உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணின் அழுகைக்கு முன்னால் பாப்பா தோற்றுப்போனாள். ஒருவேளை வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள். இருபது வருஷப் பழக்கம் அது. ஆனால் காலையில் ஒன்றைப் பார்த்தாள்.

ஆறு மணிக்குப் புழக்கடைக்குப் போனவள், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஏசுதாஸ் நிற்பதைக் கண்டாள். கையில் ஒரு புதுத் தண்ணீர் பாட்டில். சத்தமில்லாமல் மூடியைத் திருகி, மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மிச்சத்தை வாழை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அவளைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சும்மா... கடையில குடுத்தான்" என்றான்.

அவன் நேற்றே நம்பிவிட்டான். நம்பித்தான் தனக்கு மட்டும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டான். உள்ளே பெற்ற மகள் அந்த பேரலிலிருந்து மொண்டு பல் விளக்கப் போகிறாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவன் அடித்திருக்கிறான், குடித்துவிட்டு வந்து விழுந்திருக்கிறான். அப்போதெல்லாம் வராத அருவருப்பு அவளுக்கு அந்த ஒரு பாட்டிலைப் பார்த்து வந்தது. அவனோடு ஒரே பாயில் படுத்த உடம்பையே தேய்த்துக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

மகள் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். "கெணத்துல எடுத்து வெளக்கு" என்றாள். பிறகு ஒரு பாட்டிலை பேரலுக்குள் அமுக்கி நிரப்பி, ஒரு எவர்சில்வர் டம்ளரோடு கைப்பையில் வைத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பினாள்.

சபை நிறைந்திருந்தது. ஜான்சன் வெள்ளைச் சட்டையில், பவுடர் மணக்க, ஆண்கள் வரிசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாப்பா உள்ளே வந்ததும் எழுந்து கும்பிட்டான். அவள் பெண்கள் பக்கம் போய் மகளுக்கு அருகில் உட்கார்ந்தாள்.

போதகர் ஓலையை வாசித்தார். பெயர்கள், தகப்பன்மார் பெயர்கள், ஊர்கள். "இது மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

பாப்பா கைப்பையின் வாரைப் பல்லில் கடித்திருந்தாள். தோல் வாரின் உப்பு நாக்கில் பட்டது. போதகர் கண்ணாடியைத் துடைத்து முடித்து, காதுக்குக் கொண்டுபோனார்.

வாரை விட்டாள். எழுந்தாள்.

"ஒரு தடை கீது ஐயா."

போதகருக்குக் கண்ணாடி காதில் மாட்டவில்லை. "பாப்பாம்மா... நீங்க பொண்ணோட அம்மா."

"ஆமாங்கயா. அதான் எந்திரிச்சேன்."

"உக்காருடி!" என்று ஏசுதாஸ் அந்தப் பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தான். ஜாக்குலின் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் யாரோ, "அய்யய்யோ, பிரியாணிக்குச் சொல்லியாச்சே" என்றார்கள்.

பாப்பா பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வர்லயா. மாப்ள நாலு மாசமா எங்க வூட்டுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்குறாரு. இது நேத்து குடுத்தது. இதுல ஒரே ஒரு டம்ளர் அவரு குடிக்கட்டும். குடிச்சிட்டா, எனக்கு ஒரு தடையும் இல்ல. அவரு கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்குறேன்."

பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய் அவனிடம் நீட்டினாள். சபை மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஜான்சன் சிரித்தான்.

"இன்னா அத்தை வெளாட்டு இது? சபையில..."

"குடி தம்பி."

வாங்கினான். உதடு வரைக்கும் கொண்டுபோனான். நெற்றியில் வேர்வை துளிர்த்து, பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது.

"தாகமா இல்ல அத்தை" என்றான்.

"ஒரு வாய்."

"காலைல இருந்தே வவுறு சரியில்ல..."

"குடி ஜான்சன்."

அது ஜாக்குலின். எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "நான் நாலு மாசம் குடிச்சேன். நீ ஒரு வாய் குடி. எனக்காக."

அவன் டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டான்.

"யாரு ஜாக்கி பண்ணல? எல்லா வண்டியும் அப்டித்தான் ஓடுது. நான் மருந்து போட்டுத்தானே குடுத்தேன்?"

ஆம், மருந்து போட்டுத்தான் கொடுத்தான். சபையில் யாருக்கோ ஓங்கரிப்பு வந்து வெளியே ஓடும் சத்தம் கேட்டது. போதகர் பதிவேட்டை மூடினார்.

ஏசுதாஸ் அன்றைக்கு முழுதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். குடம் வாங்கிய நாலு வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து பாப்பாவை ஏசினார்கள். "உம் பெருமைக்கு எங்க வாயில பீய கரைச்சி ஊத்துனியேடி!" என்றாள் கைக்குழந்தைக்காரி. பாப்பா தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

ஜாக்குலின் பேரலைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தாள். தண்ணீர் முற்றத்தில் ஓடி வடிந்ததும், அடியில் ஒரு விரல்கடைக்குக் கறுப்பாக வண்டல் படிந்திருந்தது தெரிந்தது. நாலு மாதம் மேலாகவே மொண்டு குடித்ததில் ஒருவரும் அடியைப் பார்க்கவில்லை. பெண் கிணற்றடிக்குப் போய்ப் பல் விளக்கினாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி போய் விளக்கினாள். மூன்றாம் தடவை ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

சாயங்காலம் வரை அழுதாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அவன் எதுனா பண்ணிக்குவானாம்மா? சபையில அத்தினி பேர் முன்னாடி அசிங்கப்பட்டுட்டான்."

பெற்றவள் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் பெண் அவனுக்காகப் பயப்படுகிறது!

"வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றாள்.

கால்வாய்க் கரையில் இரண்டு பேரும் நடந்தார்கள். வடக்கே போகும்போது சூரியன் இடது பக்கம். அதே சிவப்பு, அதே காற்று. மதகு நெருங்கியபோது பாப்பாவின் கால் நின்றது. நாற்றம் வந்துவிட்டது.

அவளே எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கா? கல்யாணம் நின்ற அன்றைக்கே?

லாரி நின்றிருந்தது. பின்பக்கத்து மஞ்சள் எழுத்தின் மேல் அவசர அவசரமாகக் கறுப்புத் தாரை இழுத்துப் பூசியிருந்தான். அதற்குக் கீழே குழாய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சபைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி லாரியின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்தான், அழுக்குப் படக்கூடாது என்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினான்.

"ஆமா அண்ணாத்த... பொண்ணு வூட்ல பேஜாரு, வுடு... தண்ணியா? காலைல ஆறு மணிக்கு டாண்ணு வந்துரும். நம்ம தண்ணிய பத்தி கேக்கணுமா?"

ஜாக்குலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டிவிட்டு, போனை எடுத்து இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்தாள். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது.

பாப்பா பையை வாங்கிப் பழக்கத்தில் பல்லுக்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இப்ப போர்ட கழட்டுவான்" என்று மகளின் காதில் சொன்னாள். "ரெண்டு பக்கமும் தெரியிற மாறி எடு."